முதல் அடியிலேயே வெடிக்க: 1851 நேவி ரிவால்வரில் நிப்பிள் வேலை

சுத்தியல் விழுகிறது, 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, கேப் (தட்டினால் வெடித்துக் கருமருந்தைப் பற்றவைக்கும் சிறு செம்புக் கிண்ணம்) வெடிக்கவில்லை. சிலிண்டரை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து அதே கேப்பை மறுபடி அடித்தால் வெடித்துவிடுகிறது. இத்தாலியில் பியெட்டா, ஊபெர்ட்டி பட்டறைகளில் செய்யப்படும் 1851 கோல்ட் நேவி நகல்களை வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் புகார் இதுதான். பழி உடனே கேப்பின் மேல் விழும்: மருந்து நமுத்துப்போயிருக்கும், பெட்டி பழசாயிருக்கும், கம்பெனி சரியில்லை என்பார்கள். ஆனால் மருந்து கெட்டிருந்தால் இரண்டாவது அடிக்கு மட்டும் எப்படி வெடிக்கும்? முதல் அடியின் விசை முழுவதும் கேப்பை நிப்பிளின் (கேப் கவிழ்ந்து உட்காரும், நடுவில் துளையுள்ள கூம்பு முனை) மேல் கீழே இறக்குவதிலேயே செலவாகிவிட்டது. இரண்டாவது அடி விழும்போது கேப் அடிவரை உட்கார்ந்திருக்கிறது, அதனால் வெடிக்கிறது. கோளாறு துப்பாக்கியில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியும்.

2020க்குப் பிறகு சில ஆண்டுகள் அமெரிக்காவில் பெர்கஷன் கேப் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. வீட்டிலேயே கேப் செய்துகொள்ளும் எண்ணம் பலருக்கு அப்போதுதான் வந்தது. அந்த வேலையை இந்தப் பதிவு தொடவில்லை, தொடவும் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. லேசாகத் தட்டினாலே வெடிக்க வேண்டும் என்பதுதான் அந்த மருந்தின் இயல்பு. கலக்கும் கையிலும் கிண்ணத்தில் அழுத்தும் விரலிலும் அது வெடிப்பதற்குக் காரணமும் அதே இயல்புதான். அப்படியே ஒன்றிரண்டு தப்பாமல் வந்தாலும், மருந்தின் கனம் ஒரு கேப்பில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் இருக்கும். வெடிக்காத கேப்புக்குத் தீர்வாக இன்னும் நம்பமுடியாத ஒரு கேப்பைக் கொண்டுவருவதாகத்தான் அது முடியும். கடையில் வாங்கிய ஒவ்வொரு கேப்பும் முதல் அடியிலேயே வெடிக்கும்படி துப்பாக்கியைத் தயார்செய்வதுதான் கேப்பை மிச்சப்படுத்தும் வழி.

கொஞ்சம் பின்னணி. தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குத் தீமூட்டப் பயன்படுத்தலாம் என்று கண்டு, 1807ல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். மருந்தைச் சிறு செம்புக் கிண்ணத்தில் அடைத்து நிப்பிளின் மேல் கவிழ்க்கும் முறை அதற்குப் பிறகு வந்தது. சாமுவேல் கோல்ட் 1836ல் காப்புரிமை பெற்ற சுழலும் சிலிண்டர் நடைமுறைக்கு வந்ததே இந்தக் கேப்பின் புண்ணியத்தால்தான். 1851 நேவி 0.36 அங்குலக் குழல் கொண்டது. 1873 வரை செய்தார்கள். கோல்டின் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். இன்று கையில் கிடைப்பவை பெரும்பாலும் அதன் இத்தாலிய நகல்கள். அவற்றின் நிப்பிள், ஆப்பு (குழலை இறுக்கிப் பிடிக்கும் எஃகுத் துண்டு), சுத்தியல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கேப் வெடிப்பதையும் வெடிக்காததையும் தீர்மானிக்கின்றன.

தேவையானவை: நிப்பிளுக்கு என்றே செய்த சாவி (சாதாரண இடுக்கியால் பிடித்தால் தட்டைப் பக்கங்கள் நசுங்கிப்போகும்), வெர்னியர் அளவி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 400, 600 எண் உப்புத்தாள், சாணைக்கல் துண்டு ஒன்று, கையளவு ட்ரில், நைலான் முனை கொண்ட சிறு சுத்தி, மார்க்கர் பேனா, மரக்குச்சி ஒன்று, மரைக்குப் போடும் செம்புக் கலவை கிரீஸ். லேத் இருந்தால் நல்லது, இல்லாமலும் செய்துவிடலாம்.

முதல் வேலை, துப்பாக்கி காலி என்று உறுதிசெய்வது. முன்னால் நிரப்பும் துப்பாக்கியில் இது தோட்டாத் துப்பாக்கியில் பார்ப்பதுபோல அல்ல. கேப் இல்லை என்பதால் அறை காலி என்று ஆகிவிடாது. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். ஆப்பை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நைலான் சுத்தியால் தட்டி வெளியே தள்ளுங்கள். கெட்டிக்கும் நெம்புகோலைச் சிலிண்டரின் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள இடத்தில் ஊன்றி அழுத்தினால் குழல் தானாக முன்னே நகரும். சிலிண்டரை வெளியே எடுத்து ஆறு அறைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெடிக்காத அறையில் ஈயக் குண்டு இறுகிக் கிடந்தால், சிலிண்டரைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து மருந்தைச் சேறாக்கிய பிறகே நிப்பிளைக் கழற்ற வேண்டும். பிறகு பின்னாலிருந்து பித்தளைக் கம்பியால் குண்டைத் தள்ளி எடுக்கலாம். மருந்து உலர்ந்திருக்கும்போது நிப்பிளில் சாவி போடுவதோ சூடுகாட்டுவதோ கூடவே கூடாது.

இனி நோயறிதல். வெடிக்காமல் போன கேப்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று அவைதான் சொல்லும். கேப் வெடிக்காதபோது குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு அந்தக் கேப்பை மரக்குச்சியால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தலையில் சுத்தியலின் தடமே சரியாக விழாமல், பாவாடை விளிம்பு (கேப்பின் திறந்த அடிவிளிம்பு) மட்டும் விரிந்திருந்தால் அது உட்காராத கேப்: நிப்பிள் தடிமனாக இருக்கிறது. தடம் தெளிவாக விழுந்திருக்கிறது, ஆனால் ஆழமில்லை என்றால் சுத்தியல் போதுமான தூரம் வரவில்லை; இடைவெளி அதிகம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தடம் ஒரு பக்கமாகப் பிறைபோல விழுந்திருந்தால் நிப்பிளும் சுத்தியலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. சிலிண்டர் முழுமையாகச் சுற்றி நிற்காததால் இது வரலாம், சிலிண்டரைப் பூட்டும் நாக்கு தேய்ந்திருந்தாலும் வரலாம். நல்ல ஆழமான தடம் நடுவில் விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் மட்டும் கேப்பைச் சந்தேகிக்கலாம்.

கேப் வெடித்து, கருமருந்து பற்றாமல் போவது இன்னொரு வகை. அதில் நிப்பிளின் வடிவத்துக்கு வேலை இல்லை. துளை அடைத்திருக்கிறது, அல்லது எண்ணெய் தேங்கியிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல நிப்பிளைத் தேய்ப்பவர்கள் உண்டு.

சிலிண்டரின் ஒவ்வொரு அறைக்கும் மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். எந்த அறை எத்தனை முறை தவறுகிறது என்று குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. தவறுவது எப்போதும் 4ஆம் அறைதான் என்றால் அந்த நிப்பிளையோ அது உட்காரும் பள்ளத்தையோ பார்க்க வேண்டும். ஆறும் கலந்து கலந்து தவறினால் காரணம் எல்லா அறைக்கும் பொதுவானது: ஸ்பிரிங், ஆப்பு, சிலிண்டர் ஆட்டம்.

சுத்தியலுக்கும் நிப்பிளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் இந்த வேலையின் மையம். கேப் இல்லாத நிலையில் சுத்தியல் முழுவதும் இறங்கியிருக்கும்போது அது நிப்பிளைத் தொடக்கூடாது. தொட்டால் ஒவ்வொரு வெற்று அடியிலும் நிப்பிளின் தலை நசுங்கி, விளிம்பில் காளான்போல விரியும். விரிந்த தலையில் கேப் அடிவரை இறங்காது. அதற்காகத் தூரம் கூடிவிட்டாலும் அடி வலுவிழக்கும். 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருப்பது நல்லது. ஃபீலர் கேஜ் பட்டையைப் பக்கவாட்டில் நுழைத்து அளக்கலாம். சட்டத்தின் (துப்பாக்கியின் உடற்கூடு) வடிவம் இடம் தராவிட்டால், மெல்லிய ஈயத் தகட்டின் சிறு துண்டை நிப்பிள் தலைமேல் வைத்து, சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்தபடி மெதுவாக இறக்கி நன்றாக அழுத்துங்கள். நசுங்கிய ஈயத்தின் கனத்தை வெர்னியரில் அளந்தால் அதுவே இடைவெளி.

இதை இரண்டு முறை அளக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது. சிலிண்டருக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டம் எப்போதும் உண்டு. சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து ஒரு முறை, குழலின் பக்கம் முன்னால் தள்ளிப் பிடித்து ஒரு முறை. பின்னால் தள்ளும்போது சுத்தியல் நிப்பிளைத் தொடக்கூடாது. முன்னால் தள்ளும்போது இடைவெளி மிகையாகக் கூடாது. சுடும்போது சுத்தியல் கேப்பை அடிக்கும் கணத்தில் சிலிண்டர் முன்னால்தான் ஓடும், ஆகவே அடி விழுவது இரண்டாவது அளவில். பின்னால் 0.10, முன்னால் 0.35 என்று வந்தால் நிப்பிளில் கைவைக்காதீர்கள். கோளாறு ஆப்பில் இருக்கிறது.

ஆப்பு என்பது குழலை நடுத்தண்டோடு (சிலிண்டர் சுற்றும் அச்சு) சேர்த்து இறுக்கும் எஃகுத் துண்டு. கோல்ட் வடிவத்தில் நடுத்தண்டின் முனை, குழலின் அடியில் உள்ள துளையின் அடித்தளத்தில் போய் முட்டி நிற்க வேண்டும். அப்படி முட்டினால் ஆப்பை எவ்வளவு தட்டினாலும் குழல் ஓர் எல்லைக்கு மேல் பின்வராது. ஊபெர்ட்டி நகல்களில் தண்டு குட்டையாக, துளையின் அடியைத் தொடாமல் நிற்பது நெடுநாளாகத் தெரிந்த குறை. அப்போது குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலான இடைவெளியை ஆப்பு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். கொஞ்சம் தளர்ந்தால் சிலிண்டர் முன்னே ஓடும், கேப் வெடிக்காது. கொஞ்சம் அதிகம் அடித்தால் சிலிண்டர் இறுகிச் சுற்றாது. நாளுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளும் நேவிகளில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

சோதிப்பது எளிது. சிலிண்டரை எடுத்துவிட்டு, குழலைத் தண்டில் பக்கவாட்டாகத் திருப்பி, சட்டத்தின் அடி முகத்துக்கு அருகே வரும்படி செருகுங்கள். முழுவதும் தள்ளிய பின் குழலின் கீழ்ப்பகுதி சட்டத்தோடு பொருந்தும் மட்டத்தைப் பாருங்கள். தண்டு துளையடியைத் தொட்டிருந்தால் இரண்டு முகங்களும் ஒரே மட்டத்தில் இருக்கும். குட்டையாக இருந்தால் குழலின் முகம் சட்டத்தின் முகத்தைத் தாண்டி மேலேறும். தாண்டுகிற அளவைக் குறித்துக்கொண்டு, துளையின் அடியில் அதே கனமுள்ள எஃகு வாஷர்களை வைத்து நிரப்பலாம். முதலில் 0.1 மி.மீ. வாஷர்களைக் கூட்டிக்கூட்டிப் போட்டுப் பார்த்து, அளவு சரியானதும் ஒரே கனத்தில் ஒரு துண்டைச் செய்து இறுக்கமாகப் பொருத்துவது நல்லது. முடிவில் குழலுக்கும் சிலிண்டர் முகத்துக்கும் நடுவே 0.05 முதல் 0.15 மி.மீ. வர வேண்டும். அதற்குக் கீழே போனால் சில சுற்றுகளிலேயே கரி சேர்ந்து சிலிண்டர் இறுகும். இதை முடித்த பின்புதான் நிப்பிளின் இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய நேரும்.

இப்போது நிப்பிள்கள். ஆறையும் கழற்றி, வைக்கும் தட்டிலும் எண் போட்டுக்கொள்ளுங்கள். கரி பிடித்து இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்திருந்தாலே பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். சாவியை நேராக அழுத்திப் பிடித்தே திருப்ப வேண்டும், சரிந்தால் முனை மழுங்கும். ஒவ்வொன்றின் உயரத்தையும் தோள்பட்டையிலிருந்து தலைவரை அளந்து எழுதுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் இடைவெளியிலும் அது அப்படியே தெரியும். ஐந்து அறைகள் 0.10 சுற்றி வந்து, ஒன்று மட்டும் 0.02 காட்டினால், அந்த நிப்பிளை இன்னொரு அறையில் மாற்றிப் போட்டு அளந்து பாருங்கள். குறை நிப்பிளோடு போனால் நிப்பிளை மாற்றுங்கள். அறையிலேயே தங்கினால் சிலிண்டரின் பள்ளத்தில் கரிக்கட்டியோ பிசிறோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காய்ந்த கரிதான் இருக்கும்.

நசுங்கி விரிந்த தலையைக் கல்லில் நேராக உரசி மட்டப்படுத்தலாம். ஆனால் உயரம் குறையும், இடைவெளி கூடும். ஏற்கெனவே 0.15ஐத் தொட்ட நிப்பிளில் அதைச் செய்வதில் பயனில்லை, புதிது போடுங்கள். நிப்பிளின் அடியில் மெல்லிய வாஷர் வைத்து உயர்த்தும் பழக்கமும் உண்டு. வேலை செய்யும், ஆனால் மரையின் பிடி குறைகிறது, வாயு கசியும் வழி கூடுகிறது. ஆறு புது நிப்பிள்களின் விலையைப் பார்க்கும்போது அது தேவையில்லாத சமாளிப்பு.

புது நிப்பிள் வாங்கும்போது மரையைக் கவனிக்க வேண்டும். பியெட்டா, ஊபெர்ட்டி ரிவால்வர்களில் பொதுவாக வருவது 6 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. புரியிடைவெளி. கடைகளில் கிடைக்கும் சாதாரண 6 மி.மீ. திருகு 1 மி.மீ. புரி கொண்டது, சிவிஏ என்ற கம்பெனியின் பழைய ரைஃபிள்களின் நிப்பிளும் அதே அளவு. விட்டம் ஒன்றாக இருப்பதால் தவறாக எடுத்துத் திருகினால் முதல் இரண்டு மரை போனதும் இறுகும். அங்கே பலம் கொடுத்தால் சிலிண்டரின் மரை அழிந்துவிடும், அதை மீட்பது நிப்பிள் விலையல்ல, சிலிண்டர் விலை. விரலாலேயே அடிவரை திருக முடிய வேண்டும். அப்படித் திருக முடியாத எதையும் சாவியால் திருகக்கூடாது.

ட்ரெசோ என்ற பெயரில் வரும் அலுமினிய வெண்கல நிப்பிள்களின் துளை சிறியது, 0.7 மி.மீ. அளவு. தொழிற்சாலையோடு வருவதில் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது, சுட்டுச்சுட்டு இன்னும் பெரிதாகும். பெரிய துளை நெருப்பை அதிகம் விடும் என்று நினைக்கத் தோன்றும், உண்மையில் பின்னால் வரும் வாயுவுக்குத்தான் அது வசதி. வாயு சுத்தியலைப் பின்னால் உதைக்க, கேப் துண்டுதுண்டாக வெடித்துச் சிதறுகிறது. சிறிய துளை இந்த உதையைக் கட்டுப்படுத்துகிறது. கருமருந்தைப் பற்றவைக்க அந்தச் சிறு துளையின் நெருப்பே போதும். ஸ்லிக்ஸ்ஷாட் என்ற துருப்பிடிக்காத எஃகு வகையில் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். கேப் சிக்கி விரியாமல் பிடித்திருக்க அது உதவும்.

கேப் உட்காருவது அடுத்த கேள்வி. எண் 10, எண் 11 என்று பெட்டியில் எழுதியிருப்பதை எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவு என்று நம்பாதீர்கள். ரெமிங்டன் 10ம் சிசிஐ 10ம் ஒரே நிப்பிளில் ஒரே மாதிரி உட்காராது. ஒருவரின் துப்பாக்கியில் பொருந்தும் எண் இன்னொருவரின் துப்பாக்கிக்கு ஆகாமல் போவதன் காரணம் அதுதான். பெரிதாக இருக்கும் கேப்பின் பாவாடையை விரலால் நசுக்கி நீள்வட்டமாக்கிப் போடுவது பரவலான வழக்கம். கேப் நழுவாமல் நிற்கும், சரிதான். ஆனால் நசுங்கிய கேப் கூம்பில் பாதியிலேயே தங்கிவிடும், சுத்தியலின் முதல் அடி அதை இறக்குவதற்கே போய்விடும். நீங்கள் தேடிவந்த கோளாறையே கையால் செய்ததாகிறது.

உட்காருகிறதா என்பதை உறுதியாகப் பார்க்க இந்த முறை கைகொடுக்கும். சுடுதளத்தில், ஆறு அறைகளும் காலியாக இருக்க, நிப்பிள்களின் கூம்பைச் சுற்றிலும் மார்க்கரால் கருப்பு பூசுங்கள். காய்ந்ததும் ஒரு கேப்பை எடுத்து, மரக்குச்சியின் தட்டை முனையால் நேராக அழுத்திப் போடுங்கள். (உலோகக் கருவியால் கேப்பை அழுத்தக்கூடாது, குழல் இலக்கின் பக்கமே இருக்கட்டும்.) பாவாடை விளிம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்து, கூர்முனையால் அந்த இடத்தில் சிறு கோடு கீறுங்கள். இப்போது சுடுங்கள். வெடித்த கேப்பை எடுத்துவிட்டுக் கூம்பைப் பாருங்கள். பாவாடை உரசிய தடம் கீறிய கோட்டிலேயே நின்றிருந்தால் கேப் முன்பே முழுவதும் உட்கார்ந்திருந்தது. தடம் கோட்டைத் தாண்டிக் கீழே போயிருந்தால், அவ்வளவு தூரம் சுத்தியல் தள்ளியிருக்கிறது. அது அரை மி.மீ. இருந்தாலே கூம்பு தடிமன்தான்.

தடிமனான கூம்பைத் தேய்க்கத் தனியாக ஒரு பிடி செய்துகொள்ளுங்கள். பித்தளைத் தண்டின் முனையில் 6க்கு 0.75 மரை போட்டு, நிப்பிளை அதில் திருகி, தண்டை ட்ரில்லில் பிடித்தால் நிப்பிளின் மரை சிதையாது. குறைந்த வேகம். 400 எண் உப்புத்தாளைத் தட்டையான பட்டையில் சுற்றி, கூம்பின் சரிவை மாற்றாமல், மேலிருந்து கீழ்வரை சமமாகத் தேய்க்க வேண்டும். உப்புத்தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் மேல்முனை மட்டும் தேய்ந்து, நிப்பிள் முட்டை வடிவமாகிவிடும். அப்போது கேப் கீழே இறங்கும், ஆனால் மேலே ஆடும். ஒரு தடவைக்கு 0.02 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். மரக்குச்சியின் அழுத்தத்திலேயே கேப் அடியில் முட்டி நிற்க வேண்டும், கையைக் கவிழ்த்தால் நழுவவும் கூடாது. பேனா மூடி 'கிளிக்' என்று உட்காருவதுபோன்ற உணர்வு விரலுக்குத் தெரியும். கடைசியில் 600 தாளால் மினுமினுப்பாக்குங்கள். ஆறும் ஒரே அளவில் வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஐந்து சரியாகி ஒன்று தளர்ந்து நின்றால் சுடும்போது பக்கத்து அறையின் அதிர்ச்சியில் அந்தக் கேப் கழன்று விழும்.

திரும்பப் பூட்டும்போது மரையில் கிரீஸைத் தொட்டால் போதும், துளைக்குள் போகக்கூடாது. தோள்பட்டை சிலிண்டரைத் தொட்டதும் சாவியை ஒரு சிட்டிகை மட்டும் இறுக்கிவிட்டு நிறுத்துங்கள். மேலும் இறுக்குவதால் எந்தப் பலனும் இல்லை, அடுத்த தடவை கழற்றும்போது முனை மழுங்குவதுதான் மிச்சம்.

சுத்தியலுக்கு வருவோம். கோல்டின் சுத்தியல் முகத்தில் நடுவே ஒரு சிறு வெட்டு இருக்கும். சிலிண்டரின் பின்பக்கத்தில் அறைகளுக்கு நடுவே உள்ள பாதுகாப்பு முளைகளில் அந்த வெட்டு உட்காரும். துப்பாக்கியை எடுத்துச்செல்லும்போது சுத்தியல் கேப்பின் மேல் இல்லாமல் இருக்க அந்த ஏற்பாடு. தொல்லை என்னவென்றால், வெடித்து விரிந்த கேப்பின் செம்பு அந்த வெட்டில் சிக்கிக்கொள்கிறது. அடுத்த சுற்றுக்குச் சுத்தியலை இழுக்கும்போது கேப்பும் நிப்பிளிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து சுத்தியலின் முன்னால் உள்ள பள்ளத்துக்குள் விழுகிறது. சுத்தியல் பாதியிலேயே நின்றுபோகும். சின்னத் துண்டு உள் இயக்கத்துக்குள் இறங்கினால் முழுத்துப்பாக்கியும் பூட்டிக்கொள்ளும். சுத்தியலை இழுக்கும்போது குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கிக் கேப் துண்டுகளை வெளியே விழவைக்கும் பழைய வழக்கம் இதற்காகத்தான் வந்தது. குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும் என்ற விதியுள்ள சுடுதளங்களில் அதற்கு வழியில்லை.

வெட்டைப் பற்றவைத்து மூடிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் குறையும், ஆனால் பாதுகாப்பு முளைகளின் பயன் போய்விடும். அதன்பின் ஓர் அறையைக் காலியாக விட்டுச் சுத்தியலை அதன்மேல் இறக்கிவைப்பது கட்டாயம். வெட்டின் விளிம்புகளை முதலில் நுண்கல்லால் மழுக்கி, முகம் முழுவதையும் கண்ணாடிபோல மினுக்குவதே எங்கள் பரிந்துரை. பலருக்கு இதோடு சரியாகிவிடும், சிறுதுளை நிப்பிளும் சேர்ந்தால் இன்னும் நல்லது. மெருகேற்றும்போது முகத்திலிருந்து உலோகம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் இடைவெளி அளவு மறுபடி மாறும்.

ஸ்பிரிங்கைப் பார்க்க மறக்க வேண்டாம். சுத்தியல் இழுக்க மென்மையாக இருக்கட்டும் என்று தட்டை ஸ்பிரிங்கைத் தேய்த்து மெலிதாக்கிய நேவிகள் சந்தையில் நிறைய உண்டு. பழைய உரிமையாளர் சொல்லாமல் விற்றிருப்பார். ஸ்பிரிங் மெலிந்தால் அடியும் வலுவிழக்கும், வாயு சுத்தியலை எளிதாகப் பின்னால் உதைக்கவும் செய்யும்: வெடிக்காத கேப்பும் சிக்கும் கேப்பும் ஒரே காரணத்தால் வரும். விளிம்பில் அரம் பட்ட கோடுகள் தெரிந்தால் தொழிற்சாலை ஸ்பிரிங்கைப் போட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான். சுத்தியல் போய்வரும் பள்ளத்தின் இருபக்கச் சுவர்களிலும் பளபளப்பான உரசல் தடம் இருந்தால் பிசிறை எடுத்துவிடுங்கள்.

சோதனைச் சுடுதல் இரண்டு கட்டம். முதலில் கருமருந்து இல்லாமல். ஒவ்வொரு அறையிலும் கேப் மட்டும் போட்டு, குழலின் முனையைப் பாதுகாப்பான மண்மேட்டுப் பக்கம் ஒரு புல்நுனியின் அருகே வைத்து சுடுங்கள். புல் அசைந்தால் துளை திறந்திருக்கிறது. அசையவில்லையென்றால் அந்த அறையில் எண்ணெய் இருக்கிறது அல்லது கரி அடைத்திருக்கிறது. நன்றாக எண்ணெய் போட்டு வைத்திருந்த துப்பாக்கியில் முதல் அறை பற்றாமல் போவது இதனால்தான். நிரப்புவதற்கு முன் அறைகளையும் நிப்பிள்களையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு இந்த ஒரு சுற்றைச் சுடுவதில் கேப் வீணாவதாக நினைக்காதீர்கள்.

அடுத்தது நிரப்பிய சோதனை. 0.36 அறைக்கு 0.375 அங்குலக் குண்டு. நெம்புகோலால் அழுத்தும்போது ஈயத்தில் முழு வட்டமாக ஒரு வளையம் சீவப்பட்டு விழ வேண்டும். வளையம் உடைந்து பாதியாக விழுந்தால் குண்டு அறையை முழுவதும் அடைக்கவில்லை. ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குப் பாயும் ஆபத்து அங்கே இருக்கிறது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்றிடம் விடவே கூடாது. கேப் போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து உண்மையான கருமருந்தைவிட அதிக வெப்பத்தில்தான் பற்றும். நிப்பிள் வேலை சரியாக இருந்தும் பற்றுவது தாமதமானால், மாற்று மருந்தை விட்டு உண்மையான கருமருந்தில் ஒரு சிலிண்டர் சுட்டுப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். தவறிய அறை எண்ணை எழுதிக்கொண்டே போனால் கடைசியில் எண்கள் எங்கே குவிகின்றன என்று தெரிந்துவிடும்.

சுட்ட அன்றே கழுவுங்கள். கருமருந்து எரிந்தபின் எஞ்சுவதில் பாதிக்கு மேல் திடப்பொருள், அதில் உள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரவுக்குள் துருவேற்றும். சிலிண்டரைக் கழற்றி, நிப்பிள்களையும் எடுத்து, சுடுநீரில் கொஞ்சம் சோப்புக் கலந்து ஊறவைத்தால் போதும், விலை கூடிய கரைப்பான் எதுவும் வேண்டாம். நிப்பிள் துளையை 0.3 மி.மீ. எஃகுக் கம்பியால் உள்ளிருந்து தள்ளித் திறவுங்கள். ட்ரில் பிட்டை விட்டால் துளை பெரிதாகிவிடும். உலர்ந்ததும் மெல்லிய எண்ணெய், மரைகளில் மட்டும் கிரீஸ். நிப்பிள் போகும் பள்ளங்களைக் குச்சித் துணியால் துடைத்த பிறகே பூட்டுங்கள். அங்கே தங்கும் கரி அடுத்த தடவை நிப்பிளை உயர்த்தி இடைவெளியைக் குறைத்துவிடும்.

கேப்களை அவை வந்த பெட்டியிலேயே, உலர்ந்த இடத்தில், கருமருந்திலிருந்து தனியாக வையுங்கள். மொத்தமாக ஒரு கண்ணாடிக் குப்பியில் கொட்டிவைக்கக்கூடாது; ஒன்று வெடித்தால் மற்றவையும் வெடிக்கும், கண்ணாடி சிதறும். இந்த வகைத் துப்பாக்கிகளை வைத்திருப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், பிரிட்டனில் சான்றிதழ் வேண்டும், இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். நிப்பிளை மாற்றும் முன் உங்கள் ஊர் நிலவரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.